கையில்லாத ஸ்வெட்டர்

நனைந்த கம்பளி நூலுக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்து வந்த ஆட்டை அடுப்புக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டால் எப்படி இருக்குமோ அப்படி, கொஞ்சம் முடை, கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் சூடு எல்லாம் கலந்து மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் ஓட்டு வீட்டின் பின்கட்டில், ஓர் ஐப்பசி மாதத்து மத்தியானம் அந்த வாசனை வந்தபோது எனக்கு ஒன்பது வயதிருக்கும். யாரோ எதையோ நம் வீட்டுக்குள் கொண்டுவந்து ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

போய்ப் பார்த்தேன். துணி காயப்போடும் கொடியில், சிவப்பும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு மெரூன் நிற நூல் கத்தையாகத் தொங்கியது. வேகவைத்த சேமியாவைப்போல நெளிநெளியாகச் சுருண்டிருந்த அந்த நூலின் அடியில் பாதிச் செங்கல் ஒன்றைக் கட்டி இழுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் சித்தி குந்தியபடி நூலைத் தொட்டுத் தொட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சித்தி இது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல கண்ணு, பழைய நூலு. சுருக்கம் போவட்டும்னு கல்லு கட்டியிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அதுவரைக்கும் எனக்கு இருந்தது வெறும் வேடிக்கைதான். யாரிடமும் சொல்லாதே என்றதும் அந்த வேடிக்கை போய்விட்டது. அப்படி ஒருவர் சொன்னால் சொல்லக்கூடாத காரியம் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்களைப்போல ஒரு விஷயத்தைக் கிளறி ஆராய்ந்து இதுதான் உண்மை என்று சொல்ல எனக்கு வராது. ஆனால் எங்கே என்ன தப்பாகப் போகும் என்று யோசிக்க யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேஸை அணைத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன்; ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தால் விடிகிறவரை உட்கார்ந்திருப்பேன். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால், அந்தக் கொடியில் தொங்கிய நூலில்தான் கொண்டுபோய் விடுகிறது.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்குத் தம்பி ஒருவர், லாரி டிரைவர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோசும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு நடையில் கோஸ் மூட்டையோடு பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். சித்தி குன்னூருக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பெயர் சாந்தா. தெருவுக்கு 'ஊட்டிக்காரி'. கத்திரி வெயிலில், தார் உருகும் நேரத்தில், ஒரு மெரூன் ஸ்வெட்டரைக் கையில் போட்டுக்கொண்டு லாரியிலிருந்து இறங்கியவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? அந்த ஸ்வெட்டர் அன்றைக்கே சித்தி அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஏறியது. திண்டிவனத்தில் அதற்கு வேறு வேலையில்லை.

சித்தியின் கைக்குத்தான் வேலை இல்லாமல் இருக்க முடியாது. பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளை வாங்கி, முனையைத் துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து மழுங்கலாக்கி, நான்கு ஊசிகள் செய்துவைத்திருந்தார். அரிசி உலை கொதிக்கிற நேரம், குழாயில் தண்ணீர் வரக் காத்திருக்கிற நேரம், சித்தப்பா லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ திருகிக்கொண்டிருக்கிற நேரம், எல்லா நேரத்திலும் அந்தக் கம்பிகள் 'டிக் டிக்'கென்று ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு எதுவும் பின்னமாட்டார். கைக்குழந்தைகளுக்குக் குல்லா, கால் உறை, அவ்வளவுதான். "எங்க ஊர்ல குழந்தை பொறக்குதுன்னா மொதல்ல காதை மூடணுங்க. இல்லைன்னா நெஞ்சுல சளி கட்டிக்கும். வயிறு தெரிஞ்சதுமே ஆளாளுக்குப் பின்ன ஆரம்பிச்சுடுவாங்க" என்று அவர் சொன்னபோது அம்மா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டது எனக்கு நினைவிருக்கிறது.

ஏனென்றால் எங்கள் பக்கத்து வழக்கம் அதற்கு நேர் எதிர். பிறக்கிறவரைக்கும் குழந்தைக்கென்று ஒரு துரும்பைக்கூட எடுத்துவைக்கக் கூடாது. பிறந்த பிறகும் முதலில் பழந்துணிதான், அதுவும் நன்றாக வாழ்ந்தவர்களின் வேட்டி, சேலைக் கிழிசல். புதுசு என்பது தீட்டெல்லாம் கழிந்த பிறகு. "பொறக்காத புள்ளைக்குத் தொட்டில் கட்டாதே" என்று சொல்வார்கள். எமனுக்கு நம் வீட்டு வாசலை நாமே காட்டிக்கொடுப்பதுபோல அது.

சித்திக்கு இது புரியவில்லை. வந்த புதிதில், இரண்டு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்த மறுநாளே மஞ்சள் குல்லா ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எவ்ளோ அழகா இருக்குது! கடையில வாங்கினா மாதிரியே இருக்குது" என்றார்கள். பிறகு ஒருநாள் நானும் சித்தியும் கடைக்குப் போகும்போது, அந்தத் தெருவில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் கம்பத்தில் தொங்கிய திருஷ்டிப் பொம்மையின் பூசணித் தலையில் அந்த மஞ்சள் குல்லா இருந்தது. அழுவார் என்று சித்தியின் முகத்தைப் பார்த்தேன். அவர் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "அளவு சரியா இருக்கு பாரு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாதவர்களை நம்பக்கூடாது என்று அந்த வயதிலேயே எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

அந்த வருஷம்தான் அம்மா மறுபடி முழுகாமல் இருந்தார். மறுபடி என்று ஏன் சொல்கிறேனென்றால், எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்து, பிறந்த அன்றைக்கே போய்விட்டான். அவன் வயிற்றில் இருந்தபோது அம்மா, மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போடுகிற வேலை பார்த்த அப்பா பொங்கலுக்கு எடுத்துவந்த துணியில் மிச்சம் விழுந்த துண்டை வைத்து, இரண்டு சின்னச் சட்டைகளைக் கையாலேயே தைத்து வைத்திருந்தார். அந்தச் சட்டைகளில் ஒன்றைப் போட்டுத்தான் அவனைக் கொண்டுபோனார்கள். இன்னொன்றை அம்மா என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் காரணம் ஏதோ சொன்னார்கள். ஆனால் அம்மாவுக்குக் காரணம் அந்த ஊசிதான். அதிலிருந்து பட்டன் அறுந்துபோனால்கூட என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பித் தைத்துவரச் சொல்வாரே தவிர, தாம் ஊசியைத் தொடமாட்டார். இந்த முறை 'பாப்பா', 'குழந்தை' என்கிற சொற்களே வீட்டுக்குள் புழங்கக்கூடாது. 'வயிறு' என்றுதான் சொல்ல வேண்டும். "வயிறு எப்படிக்கீது?" என்று அப்பா கேட்பார். "இருக்குது" என்பார் அம்மா.

இப்படி ஒரு வீட்டில்தான் அந்த நூல் கொடியில் தொங்கியது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. சித்தி அறையில் சீப்பை எடுக்கப் போனவள், கதவைச் சாத்தியபோது பார்த்தேன்: ஆணியில் தொங்கிய மெரூன் ஸ்வெட்டருக்கு ஒரு கை இல்லை. தோளோடு போயிருந்தது. மனிதர்களுக்குக் கை போனால் எப்படி இருக்குமோ அப்படியே, அந்தப் பக்கம் சொத்தையாக, இருட்டாக இருந்தது. அடுத்த வாரத்துக்குள் இன்னொரு கையும் காணாமல் போயிற்று. அம்மாவின் வயிறு பெருக்கப் பெருக்க ஸ்வெட்டர் கரைந்துகொண்டே வருகிறது என்று எனக்குத் தோன்றியது. ராத்திரியில் மீதி ஸ்வெட்டரும் கரைந்துவிட்டால் அப்புறம் எதைப் பிரிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பேன். அதிலிருந்து சித்தி மடியில் ஒரு துணிப்பை எப்போதும் இருந்தது. யாராவது வந்தால் கம்பிகளோடு எல்லாம் அதற்குள் போய்விடும். ஒருநாள் பையின் வாய் வழியாக அதைப் பார்த்தேன்: என் கட்டைவிரலுக்குப் போட்டால் சரியாக இருக்கும்போல, ஒரு கால் உறை.

அப்போதுதான் வளவனூரிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா, பேச்சில் கரும்பு வெட்டுகிற கத்தி. பிரசவத்துக்கு ஒத்தாசை என்று வந்தவர், வாசலில் கால் கழுவிய ஈரம் காய்வதற்குள் வீட்டின் எல்லா மூலைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். சித்தி அறைக் கதவுக்குப் பின்னால் போனவர் அங்கேயே நின்றார்.

"ஏ ஊட்டி, இன்னா இது, சொக்காவுக்குக் கை ரெண்டும் காணம்?"

"எலி கடிச்சிடுச்சுங்க அண்ணி."

"எலியா? இம்மாம் நேரா, தையல்காரன் கத்திரி போட்டா மாதிரி? உங்க ஊரு எலி படிச்ச எலியோ?"

சித்தி சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அன்று மாலை அம்மாவிடம் கிசுகிசுவென்று பேசியது என் காதில் விழுந்தது. "மலைக்காரங்க சங்கதி நமக்கு இன்னா தெரியும்? ஒரு துணியில ரெண்டு கையை எடுத்துட்டு ஆணியில மாட்டி வச்சிக்கினு இருக்கறா. வைப்பு கிய்ப்பா இருந்தா? கொழுந்தன் பெண்டாட்டின்னு பாக்காத. ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா அன்னிக்கே அவளை மேட்டுப்பாளையத்து லாரியில ஏத்திட்டுத்தான் நான் ஊருக்குப் போவேன்." அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தை நினைத்ததுபோல அது சூனியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த உண்மை அத்தையின் சந்தேகத்தைவிட நல்லதாக எனக்குப் படவில்லை. வைப்பு என்றால் எலுமிச்சம்பழத்தைப் போட்டு எடுத்துவிடலாம். பிறக்காத குழந்தைக்குக் குல்லா பின்னிவிட்டால் அதை எப்படி எடுப்பது?

கார்த்திகை மழை விட்டு வெயிலடித்த ஒரு நாள் காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. அத்தை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக, அப்பா சைக்கிளில் பின்னாலேயே போனார். வீட்டில் சித்தியும் நானும். உச்சிவேளைக்கு அத்தை மட்டும், சுடுதண்ணீர் பிளாஸ்க் எடுக்கிற சாக்கில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வலி நின்னு நின்னு வருதாம். இன்னும் நேரமாவும்ங்கறாங்க. போன தபாவும் இப்படித்தான் சொன்னாங்க" என்றவர், பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, "நிக்காதீங்க. எல்லாத்தையும் தொறங்க. வூட்ல ஒரு பூட்டு, ஒரு முடிச்சு இருக்கக்கூடாது. ஜல்தி!" என்றார்.

பெண்ணுக்கு வலி இழுத்துக்கொண்டே போனால் வீட்டில் மூடியதைத் திறந்து, கட்டியதை அவிழ்த்துவிட வேண்டும் என்பது அத்தையின் ஊர்க் கணக்கு. வெளியே ஒரு முடிச்சு இருந்தால் உள்ளே ஒரு முடிச்சு இருக்குமாம். பீரோவைத் திறந்தோம். டிரங்குப் பெட்டி, அரிசி டின், ஊறுகாய் ஜாடி, சன்னல், தகர டப்பா எல்லாம் வாய் பிளந்து நின்றன. அத்தை தம் கொண்டையை அவிழ்த்தார், என் சடையை அவிழ்த்தார், சித்தியை அவிழ்க்கச் சொன்னார். தலைவிரி கோலமாக மூன்று பெண்கள் வீடு முழுக்க ஓடியதை யாராவது பார்த்திருந்தால் போலீசுக்குப் போயிருப்பார்கள். கொடிக்கயிற்றை அவிழ்த்ததில் துவைத்த துணியெல்லாம் சேற்றில் விழுந்தது. பின்கட்டில் கட்டியிருந்த எங்கள் ஆட்டை அவிழ்த்ததில் அது நேராக உள்ளே வந்து அரிசி டின்னில் தலையை விட்டது. நான் அதை விரட்டிக்கொண்டே, நிலைப்படிக்கு மேலே தொங்கிய படிகாரமும் மிளகாயும் கட்டிய கயிற்றைக் காட்டி, "அத்தை, இது?" என்றேன். அத்தை ஒரு கணம் திகைத்தார். "அது கெடக்கட்டும். அது வேற இலாகா" என்றார்.

எல்லாம் ஆயிற்று. அத்தை வீட்டை ஒரு பார்வை பார்த்தார். பார்வை சுற்றி வந்து சித்தியின் இடுப்புப் பக்கம் நின்றது.

"அந்தப் பையை எடு."

சித்தி அசையவில்லை. "அதுல ஒண்ணுமில்லங்க அண்ணி."

"ஒண்ணுமில்லன்னா எடு."

சித்தி பையைத் தரையில் கவிழ்த்தார். கம்பிகள் உருண்டன. ஒரு குல்லா விழுந்தது, அத்தையின் உள்ளங்கை அளவு. அதன் பின்னால் இரண்டு கால் உறைகள். மூன்றும் மெரூன். அத்தை குனிந்து குல்லாவை எடுத்து, அதற்குள் இரண்டு விரலை விட்டு, விரித்துப் பார்த்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். குரல் கீழே இறங்கிப் போயிருந்தது.

"போன தபா அவளே தச்சி வச்சா. இந்தத் தபா நீ பின்னி வச்சியா? அங்க அவ படுத்துக்கினு துடிக்கிறா. இங்க ஆயிரம் முடிச்சைப் போட்டு மடியில கட்டிக்கினு உக்காந்திருக்கியேம்மா."

சொல்லிக்கொண்டே அரிவாள்மணையை இழுத்தார். சித்தி பாய்ந்து குல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாதீங்க அண்ணி! வெட்டினாத்தான் துண்டு துண்டாப் போயி முடிச்சுப் போடணும். இதுல முடிச்சே கிடையாதுங்க. ஒரே நூலு, வளையம் வளையமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருக்கு, அவ்ளோதான். நான் சும்மா பின்னலைங்க. பனியில பொறக்குது. அக்கா ஒருதரம் பட்டது போதும்னுதான், புது நூல்கூட வாங்காம என் சொந்த ஸ்வெட்டரப் பிரிச்சேன். பழசுன்னா பரவால்லன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"பேச்சு வேணாம். முடிச்சு இல்லன்னா காட்டு."

சித்தி குல்லாவின் உச்சியில் ஒளிந்திருந்த நுனியைப் பல்லால் தேடி எடுத்து, என்னை உட்காரச் சொல்லி, என் இரண்டு கைகளையும் நீட்டவைத்தார். பிறகு இழுத்தார். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்: 'டிர்ர்ர்'ரென்று, கோழி இறகைக் கிழிப்பதுபோல. வட்டம் வட்டமாகக் குல்லா கரைந்தது. எத்தனையோ நாள் உலை கொதிக்கிற நேரத்திலும் குழாயடி நேரத்திலும் சேர்த்தது, நான் கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவதற்குள் ஓடி வந்து என் கையில் கத்தையாகச் சுற்றிக்கொண்டது. அத்தை மூக்கு நூலில் படுகிற அளவுக்குக் குனிந்து, நூல் போகிற வழியெல்லாம் கண்ணை ஓட்டினார். நானும்தான் பார்த்தேன். முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தேனா, இருக்கக்கூடாது என்று பார்த்தேனா, எனக்கே தெரியாது. குல்லாவில் முடிச்சு இல்லை. சித்தி அத்தையைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மிடுக்கு இருந்தது. முதல் கால் உறையை எடுத்தார். பாதி பிரிந்தது. பிறகு நூல் நின்றது.

அத்தையின் விரல் அங்கே போயிற்று. கடுகளவு ஒரு முடிச்சு.

"இதுக்கு இன்னா சொல்ற?"

ஒரு கை நூல் தீர்ந்து இன்னொரு கை நூலைச் சேர்த்த இடம் அது. சித்தி மறந்துபோயிருக்க வேண்டும். நானும் அத்தையும் அவர் முகத்தைப் பார்த்தோம். திருஷ்டிப் பொம்மையைப் பார்த்துச் சிரித்தவரின் முகத்தில் ரத்தம் இல்லை. அந்த முடிச்சை அவர் அப்போதுதான், எங்கள் ஊர்க் கண்ணால், முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "ஐயோ அக்கா" என்றார், அவ்வளவுதான். குனிந்து அதைப் பல்லால் கடித்தார். கம்பளி சீக்கிரம் அறாது. கடித்துக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, அறுத்துத் துப்பினார்.

அவர் துப்பி முடிக்கவில்லை, வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அப்பா. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, "பையன்! ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க" என்று கத்தினார். கையில் மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. திறந்து கிடந்த வீட்டையும், தலையை விரித்துப்போட்ட மூன்று பேரையும், அரிசி தின்ற ஆட்டையும் பார்த்துவிட்டு, "இன்னா, திருடன் வந்துட்டானா?" என்றார்.

எனக்கு அப்போதே ஒன்று உறுத்தியது. குழந்தை பிறந்து, நர்ஸ் வந்து சொல்லி, அப்பா அம்மாவைப் பார்த்து, கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி, ரயில் கேட்டில் நின்று, அப்புறம்தானே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்? அப்படியானால் அவன் பிறந்தபோது அந்த முடிச்சு முடிச்சாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டாவது கால் உறை இன்னும் பிரிக்காமலே தரையில் கிடந்தது. அத்தையும் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு சட்டென்று அந்த உறையை எடுத்து, நுனியைப் பிடித்து, ஒரே இழுப்பில் கடைசிவரை உருவிப் போட்டுவிட்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அவுத்தோம் பாரு, பொறந்துட்டான்!"

அப்பாவிடம் நேரத்தைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சித்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அம்மாவும் தம்பியும் வீட்டுக்கு வந்த அன்று மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தம்பியை அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருந்தார்கள். காது சில்லிட்டுக் கிடந்தது. அத்தை நூல் கத்தையை எடுத்துவந்து சித்தி மடியில் போட்டார். "ஒருக்கா பின்னி அவுத்தாச்சி, இனிமே இது பழசுதான். பின்னு. புள்ளை காது ஐஸ் மாதிரி இருக்குது." அத்தை இறங்கி வந்தால் அவ்வளவு தூரம்தான் இறங்குவார். அதுவே பெரிய விஷயம் என்று அப்பா கண்ணைக் காட்டினார். சித்தி நூலைத் தொடாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க அண்ணி. பதினாறு போகட்டும்."

"நான்தான சொல்றேன்?"

"போகட்டுங்க."

அத்தை அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக ஒரு மரியாதை இருந்தது. எனக்கு என்னவோ அதுதான் பயமாக இருந்தது.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு சித்தி பின்னினார். கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டியபோது, அம்மா வாங்கிக் குல்லாவை உள்வெளியாகப் புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொரு வரியாகத் தடவினார். "ஒண்ணும் இல்லக்கா, நான் நாலு தரம் பாத்துட்டேன்" என்றார் சித்தி. "தெரியும்மா" என்றார் அம்மா. ஆனாலும் கடைசி வரிவரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் தம்பியின் தலையில் போட்டார். பிறகு சித்தியின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்திக்கொண்டார். முடிச்சுத் தேடியதும் கன்னத்தைத் தொட்டதும் ஒரே கைதான்.

மூன்று வருஷம் கழித்துச் சித்தி உண்டானார். அவர் தம் குழந்தைக்கு என்ன பின்னுவார், எந்த நிறத்தில் பின்னுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். தெருவில் மற்றவர்களின் குழந்தைகளுக்கெல்லாம் பின்னிக் கொடுத்தவர், தம் வயிறு தெரிந்த நாளிலிருந்து கம்பிகளைத் தொடவில்லை. குன்னூரிலிருந்து அவர் அம்மா யாரிடமோ கொடுத்தனுப்பிய குட்டிச் சட்டையைக்கூட வீட்டுக்குள் கொண்டுவரவிடாமல், வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார். "எதுக்கு வம்பு?" என்றார். அந்தச் சொல்லை அவர் எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருந்தார்.

இப்போது நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். அத்தை இல்லை, அம்மா இல்லை. திண்டிவனத்து ஓட்டு வீடு இருந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். தம்பி இங்கேதான் செல்போன் கடை வைத்திருக்கிறான். இந்தக் கதையைச் சொன்னால், "நூலுக்கும் எனக்கும் இன்னாக்கா சம்மந்தம்? டாக்டரம்மாதான பிரசவம் பாத்தாங்க?" என்று போனைத் தேய்த்துக்கொண்டே கேட்பான். அவன் சொல்வது சரிதான். சரியென்று தெரிந்து என்ன செய்ய? வளைகாப்பு முடித்து என் மகள் இப்போது என்னிடம் வந்திருக்கிறாள். குல்லா, கையுறை, கால் உறை, போர்வை எல்லாம் ஒரே பெட்டியாகப் போனிலேயே வாங்கி, அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டியும்விட்டாள். நான் பெட்டியைப் பிரிக்கவிடாமல் பரண்மேல் தூக்கிப் போட்டிருக்கிறேன். அவள் சிரிக்கிறாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

போன வாரம் சித்தி அவளைப் பார்க்க வந்தார். தலை முழுக்க வெள்ளை, கையில் மட்டும் தளர்ச்சியில்லை. மகள், "சின்ன ஆயா, நீங்க சூப்பரா பின்னுவீங்களாமே, என் பாப்பாவுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்று மடியில் தலைவைத்துக் கேட்டாள். சித்தி பதறி, யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுபோலச் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வாயைக் கழுவுடி. பாப்பான்னு பேரு சொல்லிக்கினு பேசாத. மொதல்ல பொறக்கட்டும்" என்றார். குரல் சித்தியுடையது, பேச்சு அத்தையுடையது. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்ணிடம் பயம் என்கிற ஒன்று மட்டும் இல்லாமல் இருந்தது. அந்தப் பெண் எந்த வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் காணாமல் போனார் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். சன்னலோரம் உட்கார்ந்தவர் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "செல்வி, யாராவது எத்தினி மாசம்னு கேட்டா ஒண்ணு கொறச்சே சொல்லு. ஊரு கண்ணு ஒரே மாதிரி இருக்காது" என்றார். "சரி சித்தி" என்றேன். அதற்குள் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கூடையும் கையுமாக அதே பஸ்ஸில் ஏற வந்தவள், என்னைப் பார்த்துச் சிரித்து நின்றாள்.

"பொண்ணு வந்துட்டாளாமே. எத்தினி மாசங்க்கா?"

எட்டு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. சன்னலிலிருந்து சித்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழும்மா" என்றேன். சித்தி கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்துகொண்டார்.